ஒத்தைக் கால் பெரட்டு

பூவம்மாவின் வலது முழங்காலுக்குக் கீழே வந்த கழலை முதலில் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. மலையில் இடறி விழுந்த அடி என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பன் மாடசாமி வேப்பெண்ணெய் போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அது எலுமிச்சை ஆயிற்று, பிறகு மாதுளை ஆயிற்று. ஒரு நாள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்க முடியாமல் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது என் கையிலே இல்லப்பா, பதுளைக்குக் கொண்டு போ" என்றார்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒன்றரை நாள் குலுங்கி வந்து, பதுளை ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் ஏழாம் கட்டிலில் அவள் படுத்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

வெள்ளைக்கார டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். அவர் தமிழைத் தோட்டங்களில் கற்றுக்கொண்டவர். பாதி வழியில் விட்டுவிட்டவரும்கூட.

"இது புத்து. உள்ளே எலும்பு தின்னுது. முழங்காலுக்கு மேலே வெட்ட வேணும். வெட்ட இல்லேன்னா நெஞ்சுக்குப் போகும். ரொம்ப நாள் காக்க ஏலாது."

வெட்டுவதற்கு மாடசாமி காகிதத்தில் கைநாட்டு வைக்கவேண்டும். அவன் மகள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"நீ சரின்னாத்தான் வைப்பேன், தாயி. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ளே யோசிச்சு வை."

யோசிக்க என்ன இருந்தது? அப்பன் முதுகு கேட்டைத் தாண்டுவதற்குள் பூவம்மா முடிவு பண்ணிவிட்டாள். காலைக் கொடுப்பதில்லை.

தோட்டத்தில் சமமான தரை என்று ஒரு பாய் விரிக்கிற இடம்கூடக் கிடையாது. விடியுமுன்னே பெரட்டு. ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்கவேண்டும், கங்காணி பேர் கூப்பிடுவார், இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரிப்பார். வரிசையில் நிற்க முடியாதவர்கள் பேரைக் கூப்பிடுவதில்லை. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் கால் போன ஓர் ஆள் இருந்தான். பாறை உருண்டு வந்து அவன் காலைக் கொண்டு போயிற்று. லயத்துக் கோடியில் உட்கார்ந்து ஆடு விரட்டுவது அவன் வேலை. அவனுக்குப் பேர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டுப் பூவம்மா கேட்டதில்லை. அப்படி உட்கார்ந்திருப்பதைவிட, இருக்கிற வரைக்கும் இரண்டு காலோடு இருந்துவிட்டுப் போகலாம்.

இந்த முடிவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. வலப் பக்கம் எட்டாம் கட்டிலில் செசிலி இருந்தாள், பண்டாரவளைக்காரி, பதினாறு வயது. இடது கையில் வந்த புத்தை இரண்டு மாதத்துக்கு முன் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிப்போயிற்று. ஆனால் அக்குளில் இன்னொன்று தட்டுப்படுகிறது என்று அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. வியாழக்கிழமைதோறும் டாக்டர் அங்கே அமுக்கிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் போனதும் செசிலி, "இந்த வாரமும் தொரைக்குப் பேச்சு வரலே" என்று சொல்லிவிட்டு, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூல் கோக்க உட்காருவாள்.

அதற்கடுத்த கட்டிலில் கனகம். பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடைக்காரர் மகள், பதினான்கு வயது. கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய்க் கொத்துப் போலக் கட்டிகள். அவற்றை வெட்ட முடியாதாம். மூன்று வேளையும் தண்ணீரில் கலந்த சொட்டு மருந்து. அந்த மருந்து எவ்வளவு கசப்பு என்பதைக் கடைத்தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி அவள் அழுது அறிவிப்பாள்.

திங்கட்கிழமைக் காலை அந்த அழுகையைப் பொறுக்க முடியாமல்தான் பூவம்மா எழுந்து உட்கார்ந்து, கரண்டியால் பீங்கான் தட்டில் லேசாகத் தட்டினாள்.

"பெரட்டு! ஒன்பதாம் கட்டில் கனகம் இருக்கா?"

அழுகை நின்றது. "என்னது?"

"கங்காணி கூப்பிட்டா 'இருக்கேங்க'ன்னு சொல்லணும், புள்ள. உனக்கு இன்னைக்கு மருந்து மலை. ஒரே மடக்கா குடிச்சா முழுப் பேர், முழு நாள் கூலி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சா அரைப் பேர். அழுதா பேரே கிடையாது, லயத்துக்குத் திரும்பிப் போகணும்."

"எங்கப்பா கடையிலே பட்டுப் புடவையெல்லாம் விக்கிறாரு. நான் எதுக்கு மலைக்குப் போகணும்?"

"அதெல்லாம் தொரைகிட்டே பேசிக்க. மருந்தைக் குடி."

கனகம் குடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தாள். அரைப் பேர் என்றதும் கோபம் வந்து, மத்தியான மருந்தைத் தண்ணீர் போல விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

அன்றிலிருந்து தினம் பெரட்டுத்தான். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது கத்தாமல் இருந்தால் முழுப் பேர். ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் முழுப் பேரோடு ஒரு சபாஷ். ஒரு நாள் பூவம்மா, "எட்டாம் கட்டில் செசிலிக்கு என்ன வேலை குடுக்கிறது? ஒரு கையாலே எப்படிக் கொழுந்து எடுப்பா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செசிலிக்குக் கோபமே வரவில்லை. "எனக்கு வேலை கிடையாது. என்னைக் கவ்வாத்து வெட்டி விட்டிருக்காங்க. வெட்டின செடியிலே யாரும் கொழுந்து எடுக்க மாட்டாங்க. துளிர்க்கிறவரைக்கும் காத்திருக்கணும்."

"தேயிலை துளிர்க்கும். கை துளிர்க்குமாடி?"

"கை யாருக்கு வேணும்? நான் துளிர்த்தாப் போதும்."

கனகம் பயந்த குரலில் கேட்டாள். "அக்கா, வெட்டின கையை என்ன செஞ்சாங்க?"

"கொல்லையிலே புதைச்சாங்க. அது மேலேதான் இருதயம்மா அக்கா பூசணி போட்டிருக்கா. நேத்துக் குழம்பிலே கிடந்துச்சே, நல்லா இருந்துச்சா?"

கனகம் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். கஞ்சி வாளியோடு வந்துகொண்டிருந்த ஆயா இருதயம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அடி பாவி! அந்தப் பூசணி நான் சந்தையிலே வாங்கினது. மாதா மேலே சத்தியம்!" என்று கத்தினாள். பூவம்மா சிரித்த சிரிப்பில் காலில் வலி பாய்ந்தது. வலித்தாலும் சிரிப்பு நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை செசிலி சும்மா கேட்டாள். "ஞாயித்துக்கிழமை உங்கப்பா வந்துருவாரில்லே? வெட்டு எப்போ?"

"வெட்டு இல்லே."

செசிலியின் கையில் இருந்த ஊசி நின்றது. பூவம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஆடு விரட்டுகிற ஆளையும் சொன்னாள். "ஒத்தைக் காலோட பெரட்டுக்களத்துக்குப் போனா நாய்கூடத் திரும்பிப் பாக்காது, செசிலி. நீ ரயில் ஸ்டேஷன் பக்கத்துக்காரி, தோட்டத்து நெலவரம் உனக்குத் தெரியாது."

"அப்போ செத்துப் போறேங்கிறே."

"எல்லாரும்தான் சாவாங்க."

"வயசாகிச் சாவாங்கடி, மடச்சி!" செசிலி கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. கனகம் போர்வைக்குள் போய்விட்டாள். "எனக்கு அக்குள்லே என்ன இருக்குன்னு தொரைக்கே தெரியலே. வெட்டினாப் போகும்னு ஒருத்தர் சொன்னா, அந்தக் கத்தியை நானே பிடிச்சுக் குடுப்பேன். உனக்குச் சொல்றாங்க, நீ வேணாங்கிறே."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுத்துக்கிடந்தார்கள். செசிலிதான் முதலில் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"பந்தயம் வைப்போமா?"

"என்ன பந்தயம்?"

"நாளைக்கு விடியக்காலம் வெறாந்தாவிலே நெசப் பெரட்டு வை. ஒத்தைக் கால்லே நிக்கணும், புத்து வந்த கால் தரையிலே படக் கூடாது. நானும் கனகமும் கணக்கில்லே. வேற யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன் பேச்சுக்கு வந்து நின்னா நீ காலைக் குடுத்துரணும்."

"யாரும் வரலேன்னா?"

"உங்கப்பாகிட்டே நானே சொல்றேன், கூட்டிக்கிட்டுப் போங்கன்னு. அப்புறம் வாயே தெறக்க மாட்டேன்."

பூவம்மாவுக்கு இது நல்ல பேரமாகப் பட்டது. இருபது கட்டிலும் நோயாளிகள். கிழக்கு வெளுக்கிற நேரத்துக்குக் குளிரில் யார் எழுந்து வரப்போகிறார்கள்? "சரி" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை வெறாந்தாவில் மூடுபனி புகுந்திருந்தது. பூவம்மா தரை துடைக்கிற கம்பை அக்குளில் கொடுத்துக்கொண்டு, வலது காலை மடக்கித் தூக்கி, தூணோரம் நின்றாள். செசிலியும் கனகமும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். செசிலி அடிக்கடி சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

பூவம்மா தட்டை இடுப்பில் சாய்த்து அடித்தாள். முதலில் விளையாட்டாகத்தான் அடித்தாள். ஆனால் தோட்டத்தில் விடியலுக்குத் தப்படித்து லயங்களை எழுப்புகிறவன் அவள் அப்பன் மாடசாமிதான். தாய் வயிற்றில் கிடந்தபோதே கேட்ட அடி அது. மூன்றாவது சுற்றில் கரண்டி தன்னாலே அந்த அடிக்குப் போயிற்று. மெதுவாகத் தொடங்கி, இடையில் ஒரு கணம் நின்று, பிறகு பிடரியில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி விரட்டுகிற அடி.

உள்ளே ஒரு கட்டில் கிரீச்சிட்டது. இன்னொன்று. பிறகு பத்துப் பன்னிரண்டு.

பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பசறைத் தோட்டங்கள், மடுல்சீமை, நமுனுகுலை என்று அந்த வார்டில் பாதிப் பேர் கொழுந்தெடுக்கிறவர்கள். கண் திறக்கவில்லை, கால் மட்டும் நடந்தது. மழைக்குப் போடுகிற கம்பளி மாதிரி ஆஸ்பத்திரிப் போர்வையைத் தலையில் மடித்துப் போட்டிருந்தார்கள். கையில் கட்டுப் போட்டவள் ஒருத்தி, வயிற்றைப் பிடித்தபடி ஒருத்தி, காய்ச்சல்காரி ஒருத்தி. பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்காத ராமலட்சுமி அக்காவும் இருந்தாள். வந்து, தோளோடு தோள் ஒட்டி, வரிசையாக நின்றுவிட்டார்கள்.

செசிலி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். கனகம் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

"இன்னைக்கு எந்த மலைங்க?" என்று கேட்டாள் முதலில் நின்றவள், கொட்டாவியோடு.

 சும்மா விளையாட்டு, போய்ப் படுங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேர் அவள் வாயைப் பார்த்து நிற்கிறார்கள். பேர் கூப்பிடுவாள் என்று நிற்கிறார்கள். "நேரா நில்லுங்க!" என்று அவள் வாயிலிருந்து வந்தது. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"மூணாம் கட்டில்!"

"இருக்கேங்க."

"மேமலை. அஞ்சாம் கட்டில்!"

"இருக்கேங்க."

"நீயும் மேமலைதான். பேச்சு வளக்காம ஏறணும். பதினோராம் கட்டில்!"

"இருக்கேன், கங்காணி" என்றாள் ராமலட்சுமி. "எனக்குக் கீழ்மலை குடுங்க, மூச்சு வாங்குது."

"கீழ்மலை குடுத்தாச்சு. ஆனா நெரையைப் பாதியிலே விட்டுட்டு வெத்தலை போட உக்காரக் கூடாது."

"எப்பவோ ஒரு நாள் உக்காந்தேன், அதையே சொல்லுவீங்களே" என்று ராமலட்சுமி எந்தக் கங்காணிக்கோ பதில் சொன்னாள். சொன்னவள் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

பூவம்மா தாவினாள். ஒற்றைக் காலில் நாலைந்து தாவல். விழ இருந்தவளைத் தோளால் தாங்கி நிமிர்த்தி, அந்தத் தோளை எடுக்காமலே அடுத்த கட்டிலைக் கூப்பிட்டாள். வரிசை கோணினால் அங்கே தாவினாள், ஒருத்தி போர்வை நழுவினால் இங்கே தாவினாள். எல்லோருக்கும் மலை பிரித்தாயிற்று.

"என் கூடையைக் காணோமே" என்று காய்ச்சல்காரி காலடியைச் சுற்றித் தேடினாள். கல் பாவிய தரையைப் பார்த்தாள், கண்ணைக் கசக்கினாள், திரும்பிக் கட்டில்களைப் பார்த்தாள். "அடியே! இது ஆஸ்பத்திரிடீ!"

 பிறகு சிரித்தார்கள் பாருங்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ சிரிக்க வைக்காதீங்கடி" என்று ஒருத்தி அழுதாள். "நான் இருபது வருசமா இப்படித்தான், பொணமாக் கிடந்தாலும் தப்படிச்சா எந்திரிச்சிருவேன்" என்று இன்னொருத்தி சொல்ல, மறுபடி சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் இருதயம்மா வந்தாள். வார்டைப் பார்த்தாள். பாதிக்கு மேல் கட்டில்கள் காலி. "மாதாவே, எல்லாரும் ஓடிப்போயிட்டாங்க!" என்று அலறிக்கொண்டு, வெறாந்தாவைப் பார்க்காமலே டாக்டர் பங்களாவுக்கு ஓடினாள். டாக்டர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு வந்து சேர்ந்தார்.

"யார் இங்கே பெரட்டு வெச்சது? யார் கங்காணி?"

பன்னிரண்டு தாடையும் ஒரே திசையில் திரும்பின.

"நீயா?"

"ஆமாங்க, தொரை."

டாக்டர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். மடங்கித் தூக்கியிருந்த காலைப் பார்த்தார். "உன் கம்பு எங்கே?"

பூவம்மா அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். கம்பு இல்லை. வெறாந்தாவின் அந்தக் கோடியில், தூணுக்குப் பக்கத்தில் அது விழுந்து கிடந்தது. எப்போது விழுந்தது? அவளுக்கும் அதற்கும் நடுவில் பன்னிரண்டு பேர் நிற்கிற தூரம் இருந்தது. அவ்வளவு தூரத்தையும் அவள் தாவியே வந்திருக்கிறாள். அவள் அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொரை," என்றாள் ராமலட்சுமி, தூணைப் பிடித்தபடி. "பத்து நாளா நீங்க எந்திரி, எந்திரின்னு சொல்லிப் பாத்தீங்க. தப்படிச்சிருக்கணும்."

டாக்டர் நுரைக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்று கனகம் பிற்பாடு அடித்துச் சொன்னாள். "நல்ல கங்காணி. இப்போ என் ஆள் எல்லாம் கட்டிலுக்குப் போக வேணும். சீக்கிரம்!"

எல்லோரும் போனபின் செசிலி பூவம்மாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது. பந்தயத்திலே நான் ஏமாத்தப் பாத்தேன். இருதயம்மா அக்காவை வந்து நிக்கச் சொல்லிக் கெஞ்சி வெச்சிருந்தேன்."

"வரலையே?"

"தூங்கிப் போயிட்டாளாம்."

பூவம்மா அவளை அடித்தாள். தலையணையால்தான் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடசாமி வந்தான். சனிக்கிழமை மத்தியானமே புறப்பட்டு இரவெல்லாம் நடந்து வந்தவன்; காலெல்லாம் செம்மண். பூவம்மா அவனை உட்காரக்கூட விடவில்லை.

"யப்பா, கைநாட்டு வை."

அவன் நின்றபடியே அழுதான். "ஒத்தைக் காலோட மலை ஏற முடியாதே, புள்ள."

"ஏற முடியாதுதான். தேயிலை ஸ்டோர்லே பொம்பளைங்க உக்காந்துதானே தூள்லே குச்சி பொறுக்குறாங்க? உக்காந்து செய்ற வேலைக்கு எத்தனை கால் வேணும்?"

"கங்காணி பேர் கூப்பிடணுமே."

"கூப்பிடலேன்னா, கூப்பிடுற வரைக்கும் வரிசையிலே நிப்பேன். எனக்கு நிக்க வருது, யப்பா. வேணும்னா இந்த வார்டையே கேளு."

பதினோராம் கட்டிலிலிருந்து ராமலட்சுமி, "வருதுங்க, நல்லாவே வருது" என்று குரல் கொடுத்தாள்.

மாடசாமி கட்டைவிரலை வைத்ததில் முதல் தடவை மை பரவிப் போயிற்று. கிளார்க் முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு காகிதம் எடுத்தார். இரண்டாம் தடவை பூவம்மா அப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரேகை ரேகையாக விழுந்தது.

புதன்கிழமை வெட்டினார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவளுக்குப் பல் கிட்டிப் போகிற அளவுக்குப் பயம். செசிலி கதவு வரைக்கும் கூடவே வந்தாள். மயக்க மருந்துத் துணி மூக்கில் விழுந்தது, பழம் அழுகின மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான் ஞாபகம்.

வியாழக்கிழமைதான் நல்ல நினைவு வந்தது. வலி வந்தது, வாந்தி வந்தது, அழுகையும் வந்தது. கனகம் ஈரத்துணியால் முகம் துடைத்தாள். அன்றைக்கு டாக்டர் செசிலியின் அக்குளை வழக்கத்தைவிட அதிக நேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வளர இல்லே. பாப்போம்" என்றார். அந்த மூன்று வார்த்தையைச் செசிலி கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பூவம்மா திடீரென்று போர்வையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"என்னடி? வலிக்குதா? ஆயாவைக் கூப்பிடவா?"

"இல்லே... அரிக்குது."

"எங்கே?"

பூவம்மாவுக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "கால் விரல். வலது கால்லே. பைத்தியம் பிடிச்சிருச்சா எனக்கு?"

"அட, அதுவா!" செசிலி கட்டிலைச் சுற்றிக்கொண்டு காலடிக்கு வந்தாள். "எனக்கு மோதிர விரல். இன்னும் ராவெல்லாம் அரிக்கும். வெட்டிப் போட்டாச்சுன்னு அதுக்குத் தெரிய நாளாகும். எந்த விரல்?"

"இல்லாத விரலை எப்படிடி சொறிவே?"

"எந்த விரல்னு கேட்டேன்."

"சுண்டு விரல்."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், மெத்தைக்கு நாலு விரற்கடை மேலே, செசிலி தன் ஒரே கையை நீட்டி வெறுங்காற்றைச் சொறிந்தாள். "இங்கேயா?"

"ம்ஹூம். கொஞ்சம் அந்தப் பக்கம்."

"அது கட்டை விரல் பக்கமில்லே?" என்று கனகம் குனிந்து பார்த்து அக்கறையாகக் கேட்டாள். "வலது கால்னா சுண்டு விரல் எட்டாம் கட்டில் பக்கம் வரும், அக்கா."

செசிலி கையைத் தன் கட்டில் பக்கம் நகர்த்தினாள். "இங்கே?"

பூவம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆங்... அங்கேதான். நல்லாச் சொறி."